தான்சானியாவுக்கு மிஷனரியா போறேன், ஸ்வாஹிலில என்னென்ன உளறுவோம்னு போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

புதுப்பயணி:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். வயசு 23, டிகிரி முடிச்சிட்டு எங்க சபையோட மிஷன் ஆபீஸ்ல கொஞ்ச நாள் இருந்தேன், இப்ப தான்சானியாவுக்கு அனுப்புறதா முடிவு பண்ணிட்டாங்க, ம்பேயான்னு ஒரு ஊரு, தெற்குல மலைப்பக்கம். ஜூன்ல கிளம்பணும், ரெண்டு வருஷம். என்கூட இன்னொரு பிரதரும் வர்றார், அவருக்கு ஏற்கனவே கொஞ்சம் ஸ்வாஹிலி வருமாம், எனக்கு சுத்தம்.

ஃபோன்ல ஒரு ஆப் போட்டு படிச்சிட்டிருக்கேன், வார்த்தைங்களை எல்லாம் ஒரு நோட்டுல தமிழ்லயே எழுதி வெச்சு பஸ்ல போறப்ப மனப்பாடம் பண்றேன். இலக்கணம் பாத்தா தலை சுத்துது, ஒரு வினைச்சொல்லுக்கு முன்னாடி என்னென்னமோ வந்து ஒட்டிக்கிட்டே போகுது. இதுல போன முதல் ஞாயித்துக்கிழமையே சபையில நிக்க வெச்சு ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லச் சொல்வாங்கன்னு வேற பயமுறுத்துறாங்க. போயிட்டு வந்த சீனியருங்ககிட்ட கேட்டா ஒரே சிரிப்பு, "போ தம்பி, போனா தெரியும்"ங்கறாங்க, விஷயத்தைச் சொல்ல மாட்டேங்கறாங்க.

அதனால இங்க கேக்கறேன். எந்த மாதிரி உளறல் எல்லாம் வரும், எதைச் சொன்னா சிரிச்சிட்டு விட்டுடுவாங்க, எதைச் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்க? அப்புறம் அன்றாட வாழ்க்கை, துணி துவைக்கறது, பக்கத்து வீட்டுக்காரங்க, இதெல்லாம் எப்படி? பெரிய ஊழிய ஆலோசனை வேண்டாம், அது நிறைய கிடைச்சாச்சு, சின்னச் சின்ன விஷயம்தான் வேணும்.


மோஷி மாப்ள:

தம்பி, முதல் வேலையா அந்தத் தமிழ் நோட்டைத் தூக்கிப் பரண்ல போடு. கிண்டலுக்குச் சொல்லல. ஸ்வாஹிலிய அவங்க எழுதறதே இங்கிலீஷ் எழுத்துலதான், எழுதியிருக்கறதை அப்படியே வாசிச்சா போதும், ஸ்பெல்லிங் தொல்லை கிடையாது. நாம அதைத் தமிழ்ல எழுதினா நமக்கு இருக்கறது ஒரே ஒரு ட, ஒரே ஒரு ப, ஒரே ஒரு க. வினை அங்கதான் ஆரம்பிக்குது.

டாமுன்னு ஒரு வார்த்தை இருக்கு. டாக்டர்ல வர்ற ட போட்டா ரத்தம். டீயில வர்ற ட போட்டா இனிப்பு. என் நோட்டுல ரெண்டு இடத்துலயும் டாமுன்னுதான் இருந்துச்சு. ஒரு மூப்பர் வீட்ல டீ குடுத்தாங்க, சர்க்கரைய அள்ளிக் கொட்டியிருந்தாங்க, சரி பாராட்டி வெப்போம்னு "இந்த டீ நல்ல ரத்தமா இருக்கு"ன்னு சொல்லிட்டேன். அந்தம்மா கப்பை வாங்கி உள்ள எட்டிப் பாத்தாங்க பாரு ஒரு பார்வை. அப்புறம் வாசப்பக்கம் கொண்டு போய் வெளிச்சத்துல வெச்சுப் பாத்தாங்க.

பாபாவும் அதே கதைதான். பஸ்ல வர்ற ப போட்டா அப்பா, பல்லுல வர்ற ப போட்டா சுறா மீன். பரமண்டல ஜெபம் அங்க "பாபா யேட்டு"ன்னு ஆரம்பிக்கும், எங்கள் பிதாவேன்னு அர்த்தம். நாங்க ரெண்டு பேரும் நோட்டைப் பாத்து மனப்பாடம் பண்ணி நல்ல கணீர்னு பல்லு ப-வுலயே சொல்லிட்டிருந்தோம். பரமண்டலங்களிலிருக்கிற எங்கள் சுறாவே! பெரியவங்க யாரும் வாயே திறக்கல. சண்டே ஸ்கூல் பசங்க மட்டும் பின்னாடி பெஞ்சுல குலுங்கிட்டே இருந்துச்சுங்க, அதுங்க வேற எதுக்கோ சிரிக்குதுன்னு நெனச்சோம்.

அப்புறம் குளிக்கறதுக்கு குஓகா, கேட்ல வர்ற க. அதையே கேக்ல வர்ற க போட்டு சொன்னா ரொட்டி, கேக் எல்லாம் சுடறது. அந்த க-வையே முழுங்கிட்டா குஓஆ, கல்யாணம் பண்ணிக்கறது. என் ரூம் மேட், அவரும் நம்ம ஆளுதான், நாள் பூரா பஸ்ல செம்மண் புழுதி தின்னுட்டு ஒரு வீட்டுக்குப் போய் இறங்கினவுடனே அங்க இருந்த பாட்டிகிட்ட "எனக்கு இப்பவே கல்யாணம் பண்ணணும், தண்ணி இருக்கா"ன்னு கேட்டிருக்கார். பாட்டி கொஞ்சமும் அசரல, முதல்ல உக்காந்து சாப்பிடு, மத்ததைக் காலைல பேசிக்கலாம்னு சொன்னாங்களாம்.

ஆனா அவரே சபையில அடிச்சதுக்கு முன்னாடி இதெல்லாம் தூசு. பிரசங்கம் பண்றதுக்கு குஹுபிரின்னு சொல்லணும். குஹரிபுன்னு ஒண்ணு இருக்கு, அதுக்கு நாசம் பண்றதுன்னு அர்த்தம். மைக்கைப் புடிச்சு நெஞ்சை நிமித்திக்கிட்டு "நிமேகுஜா குஹரிபு நேனோ லா முங்கு"ன்னுட்டார், தேவனுடைய வார்த்தையை நாசம் பண்ண வந்திருக்கேன். ஒரு நிமிஷம் ஊசி விழுந்தா கேக்கும். அப்புறம் பாஸ்டர் எழுந்து வந்து, மூஞ்சில ஒரு சிரிப்பும் காட்டாம, "கரிபு சானா"ன்னு கையக் குலுக்கினார். வாங்க வாங்க, நல்வரவுன்னு!

இலக்கணத்துக்கு ரொம்ப பயப்படாத. மேல சொன்ன நிமேகுஜாவையே எடுத்துக்கோ. நி-ன்னா நான், மே-ன்னா ஆயிடுச்சு, குஜான்னா வர்றது. நாம வந்திருக்கேன்னு ஒரே வார்த்தைல சொல்றோம் இல்ல, அதே சங்கதிதான், நமக்கு யாரு என்னங்கறது கடைசில வரும், அவங்களுக்கு முதல்லயே வந்துடும், அவ்வளவுதான் வித்தியாசம். இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவன் திணறுற அளவுக்கு நமக்குத் திணறாது, இது என் கருத்து.


காங்கா அக்கா:

மேல தம்பி சொன்னதெல்லாம் கேட்டு சிரிச்சு முடிச்சாச்சு. நான் பொம்பளைங்க பக்கத்துக் கதையச் சொல்றேன், ஆம்பளைங்களுக்கும் உதவும்.

முதல்ல உறவுமுறை. அங்க அம்மா வயசுல இருக்கற எல்லாரும் மாமா. அண்ணன் காகா. அக்கா டாடா. எங்க பாஸ்டரம்மாவ மாமான்னு கூப்பிட எனக்கு நாக்கே எழும்பல, கூப்பிடும்போதெல்லாம் எனக்கே சிரிப்பு வந்துடும், அவங்க பாவம் நான் ரொம்ப சந்தோஷமான பொண்ணுன்னு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருந்தாங்க. அதே மாதிரி ரோட்ல ஒரு பொடியன் நம்மள டாடான்னு கூப்பிட்டா ரவுடின்னு திட்டறான்னு நெனச்சுக்க வேண்டாம், மரியாதையாத்தான் கூப்பிடறான்.

எதைச் சொன்னா மனசு கஷ்டப்படுவாங்கன்னு கேட்டிருக்கீங்க. சொன்னதுக்கு யாரும் கஷ்டப்பட்டு நான் பாக்கல, சொல்லாம விட்டதுக்குத்தான். பெரியவங்களைப் பாத்தா ஷிகமோன்னு சொல்லியே ஆகணும், அவங்க மரஹபான்னு பதில் சொல்வாங்க. எழுதும்போது கடைசில ரெண்டு ஓ வரும், அதை இங்கிலீஷ் வாசிக்கற மாதிரி ஷிகமூன்னு சொல்லிடாதீங்க. வழியில ஒரு தாத்தா போறார், நாம ஏதோ நெனப்புல அப்படியே கடந்து போயிட்டோம்னு வெச்சுக்கோங்க, சாயங்காலத்துக்குள்ள விஷயம் நம்ம வீட்டுக்கார அம்மா காதுக்கு வந்துடும். வேற என்ன உளறினாலும் சிரிச்சுட்டு விட்டுடுவாங்க, இது ஒண்ணுல விட்டுக் குடுக்க மாட்டாங்க. அதே மாதிரி கடைக்குப் போனாலும் நேரா தக்காளி குடுன்னு ஆரம்பிக்காதீங்க. காலை எப்படி இருக்கு, வீடு எப்படி, வேலை எப்படி, பசங்க எப்படி, எல்லாத்துக்கும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சொல்லி முடிச்சப்புறம்தான் தக்காளி. உடம்புக்கு முடியலைன்னாலும் முதல்ல "ந்ஸுரி", அதாவது நல்லாருக்கு, அதுக்கப்புறம் "ஆனா ராத்திரியில இருந்து காய்ச்சல்". இது பழக எனக்கு ரொம்ப நாளாச்சு, காரியம் முடியணும்னா இதுதான் வழி.

யார் வீட்டுக்குப் போனாலும் கதவைத் தட்டறத விட வெளிய நின்னு "ஹோடி"ன்னு குரல் குடுக்கணும், உள்ள இருந்து "கரிபு"ன்னு வந்தா போகலாம். நம்ம வீட்டுக்கும் அப்படி வருவாங்க, சொல்லிக்கிட்டெல்லாம் வர மாட்டாங்க. தனியா ரூம்ல கதவைச் சாத்திட்டு படிச்சிட்டிருந்தா உடம்பு சரியில்லைன்னு முடிவு பண்ணிடுவாங்க. ஒரு சனிக்கிழமை நான் சும்மா நிம்மதியா படுத்திருந்தேன், ஒவ்வொருத்தரா வந்து "போலே, போலே"ன்னு சொல்லி கட்டில் மேல உக்காந்துட்டாங்க, கடைசில எனக்கு நிஜமாவே தலைவலி வந்துடுச்சு. போலேங்கறது ஐயோ பாவம்னு ஆறுதல் சொல்ற வார்த்தை, வேலை செஞ்சு களைச்சவங்களுக்கும் சொல்வாங்க, தடுக்கி விழுந்தவங்களுக்கும் சொல்வாங்க, தப்பு பண்ணிட்டு மன்னிப்பு கேக்கறதுக்கு அதை யூஸ் பண்ணாதீங்க, அதுக்கு "சமஹானி".

இப்ப என் பேருக்கு வர்றேன். காங்காங்கறது பொம்பளைங்க இடுப்புல கட்டற, தோள்ல போடற, குழந்தைய முதுகுல கட்டற துணி. ஜோடியாத்தான் விப்பாங்க. சுத்தி பார்டர், நடுவுல டிசைன், அதுக்குக் கீழ ஒரு வரி ஸ்வாஹிலில அச்சடிச்சிருக்கும். நான் கலரை மட்டும் பாத்து வாங்கினேன், நல்ல அரக்கும் வெள்ளையும். எங்களைத் தங்க வெச்சிருந்த வீட்டு அம்மாவோட மாமியார் ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, அவங்களுக்கு மரியாதை பண்ணலாம்னு மருமகள் முன்னாடியே பிரிச்சுக் குடுத்தேன். அதுல இருந்த வரி "ஹசிடி ஹனா சபாபு". பொறாமை புடிச்சவங்களுக்குக் காரணமே தேவையில்லைன்னு அர்த்தம்! பாட்டி அந்த வரிய விரலால தடவித் தடவி வாசிச்சாங்க, அப்புறம் மருமகளைத் திரும்பிப் பாத்தாங்க, மருமகள் என்னைப் பாத்தாங்க. அந்த ஊர்ப் பொம்பளைங்க வாயால சொல்ல முடியாததை இப்படித் துணியில கட்டிக்கிட்டு சொல்வாங்கங்கறது எனக்கு அப்பத் தெரியாது. மருமகள் சொல்லிக் குடுத்து நான் குடுத்த மாதிரி ஆயிடுச்சு. அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல உண்மையிலயே ஏதோ இருந்துச்சுன்னு பிற்பாடு தெரிஞ்சது வேற விஷயம். வாங்கறதுக்கு முன்னாடி அந்த வரிய யார்கிட்டயாவது படிச்சுக் காட்டிக் கேளுங்க.

துணி துவைக்கறது கையாலதான். வெளிய காயப் போட்ட எல்லாத்தையும், உள்ளாடை உட்பட, நல்லா சூடா அயர்ன் பண்ணித்தான் போடணும். ஈரத் துணியில முட்டை போடற ஒரு ஈ இருக்கு, அது புழுவாகி நம்ம தோலுக்குள்ள போய் கட்டி மாதிரி வீங்கும். பயமுறுத்தலுக்குச் சொல்லல, பாத்திருக்கேன். கரண்ட் இல்லைன்னா கரி போட்ட அயர்ன் பாக்ஸ் பக்கத்து வீட்ல இருக்கும்.


பிடிவாதக்காரன்:

எல்லாரும் சிரிக்கறீங்க, சரி. நான் கொஞ்சம் கசப்பா ஒண்ணு சொல்லிட்டுப் போறேன்.

தமிழ்ல எழுதினதுதான் பிரச்சனைன்னு மோஷி மாப்ள சொல்றது பாதிதான் சரி. எழுத்துல இல்ல தப்பு, காதுல. எந்த எழுத்துல எழுதினாலும் காது கேக்காம வாய் மட்டும் வேலை செஞ்சா இப்படித்தான் வரும். அனுப்புற சபைங்க அவசரப்பட்டு வந்த வாரமே மைக்கைக் குடுக்கச் சொல்றாங்க, போட்டோ எடுத்து ஜெபக்குறிப்புல, அதான் ஊர்ல ஆதரிக்கறவங்களுக்கு அனுப்புற லெட்டர்ல, போடணுமே. முதல் ஆறு மாசம் பிரசங்கமே பண்ண மாட்டேன், பெஞ்சுல உக்காந்து கேக்கறேன்னு சொல்லிப் பாருங்க, ஆபீஸ்ல மூஞ்சி மாறும். ஆனாலும் சொல்லுங்க.

இன்னொண்ணு, பெரியவங்க திருத்த மாட்டாங்க. நீங்க ஹபாரின்னு, அதாவது எப்படி இருக்கீங்கன்னு, ஒரு வார்த்தை சொன்னாலே "அடேயப்பா, ஸ்வாஹிலி பிரமாதமா பேசறீங்களே"ன்னு புகழ்வாங்க, அது உபசாரம், அதை நம்பி இறுமாந்து போனவங்க ரெண்டு வருஷம் கழிச்சும் அதே பத்து வாக்கியத்தோட திரும்பி வந்திருக்காங்க. சின்னப் பசங்களோட உக்காருங்க. அதுங்க மூஞ்சிக்கு நேரா தப்புன்னு சொல்லும், நீங்க சொன்ன மாதிரியே திருப்பிச் சொல்லிக் காட்டி மானத்தை வாங்கும், அதுலதான் காது திறக்கும்.

கடைசியா இந்த உளறல் கதைங்க. உங்களைப் பத்தி நீங்களே சிரிச்சா சரி. ஆனா ஜெபக்குறிப்பு எழுதறப்ப கொஞ்ச நாள்லயே கதை திரும்பிடும், நம்ம உளறல் போய் அவங்க ஊரு வினோதம், அவங்க சாப்பாடு வினோதம்னு ஆயிடும். அவங்களும் அதை வாசிப்பாங்க, எல்லார் கையிலயும் ஃபோன் இருக்கு, டிரான்ஸ்லேட் பட்டன் இருக்கு. எங்க குழுவுல ஒருத்தர் எழுதின லெட்டரை அந்தச் சபைப் பையன் ஒருத்தன் அப்படியே மாத்திப் படிச்சிட்டான், அதுக்கப்புறம் அந்த வீட்ல எங்களை டீ குடிக்கக் கூப்பிடல.

பேப்பர் விஷயம்: டூரிஸ்ட் விசாவுல போய் ஊழியம் பண்ணலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. மிஷனரிக்குன்னு சி கிளாஸ் ரெசிடென்ஸ் பெர்மிட் இருக்கு, அங்க இருக்கற சபை மூலமா எடுக்கணும். பெட்டி கட்டறப்ப பிளாஸ்டிக் கவர் ஒண்ணும் வெச்சுக் கட்டாதீங்க, 2019 ஜூன்ல இருந்து அங்க தடை, ஏர்போர்ட்லயே எடுத்துடச் சொல்வாங்க.


ரிட்டையர்டு வாத்தியார்:

பிடிவாதக்காரர் பசங்களோட உக்காருன்னு சொன்னது ரொம்பச் சரி. 1706-ல ஜெர்மனிக்கார மிஷனரி சீகன்பால்க் ஐயர் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கினப்ப இந்தத் தம்பி வயசுதான் அவருக்கு, 24 நடக்குது. திண்ணைப் பள்ளிக்கூடப் பிள்ளைங்களோட மணல்ல உக்காந்து விரலால ஆனா ஆவன்னா எழுதித்தான் தமிழ் கத்துக்கிட்டார், 1715-ல தமிழ்ல புதிய ஏற்பாடே அச்சாயிடுச்சு. அவர் என்னென்ன உளறினாருங்கறதை அந்தப் பிள்ளைங்க யாரும் எழுதி வெக்கல, நமக்குத்தான் நஷ்டம்.

நான் மொரோகோரோ பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுத்தவன், மிஷன் மூலமாத்தான் போனேன். என்னைக் கவுத்தது வார்த்தை இல்ல, கடிகாரம். ஸ்வாஹிலி மணி நம்ம மணி இல்ல. சூரியன் உதிச்சதுல இருந்து எண்ணுவாங்க, பூமத்தியரேகைக்குப் பக்கமா இருக்கறதால வருஷம் பூரா ஏறக்குறைய ஆறு, ஆறரைக்கு விடிஞ்சுடும், அதனால அவங்களுக்குக் கணக்கு சரியா வரும். நம்ம காலை ஏழு மணி அவங்களுக்கு "ஸா மோஜா", ஒரு மணி. ஒன்பது மணி "ஸா டாட்டு", மூணு மணி. நமக்கு சாயங்காலம் நாலுன்னா அவங்களுக்குப் பத்து.

இதெல்லாம் புத்தகத்துல படிச்சுட்டுத்தான் போனேன், கணக்கு வாத்தியார் வேற. ஆனா பஸ் டிக்கெட்டுல 12:00-ன்னு இலக்கத்துல பாத்தவுடனே மூளை பழைய வழியிலதான் போச்சு. பதினொன்றரைக்கு சாவகாசமா பெட்டியோட ஸ்டாண்டுக்குப் போய் நின்னேன். பஸ் காலைல ஆறு மணிக்கே போயாச்சு. டிக்கெட் குடுத்த பையன் என்னைப் பாத்து போலே போலேன்னான், இங்க மேல அக்கா சொன்ன அதே போலே. சுலபமான வழி என்னன்னா, முள்ளு வெச்ச வாட்ச் கட்டிக்கோங்க, சின்ன முள்ளுக்கு நேர் எதிர்ல இருக்கற நம்பர்தான் ஸ்வாஹிலி மணி. ஆறைக் கூட்டு, கழின்னு யோசிக்கவே வேண்டாம். இங்கிலீஷ்ல பேசறவங்க இங்கிலீஷ் மணி சொல்வாங்க, அதே ஆள் பேச்சு நடுவுல ஸ்வாஹிலிக்கு மாறினா மணியும் மாறிடும், அதனால எப்பவும் "அசுபுஹியா, ஜியோனியா"ன்னு, காலையா சாயங்காலமான்னு, ஒரு தடவை கேட்டுக்கோங்க.

இன்னொரு அன்றாட விஷயம். இந்தியாவுல இருந்து வந்தவங்கன்னா அவங்க மனசுல கடைக்காரர்தான். பல தலைமுறையா குஜராத்திக்காரங்க அங்க வியாபாரம் பண்றாங்க, அதனால "ம்ஹிண்டி"ன்னு கூப்பிட்டு கடை எங்க இருக்கு, வேலை காலி இருக்கான்னு கேப்பாங்க. நான் கிறிஸ்தவன்னு சொன்னா நம்பவே மாட்டாங்க. எனக்கு அதுல கை குடுத்தது பழைய சரித்திரம். கிளிமஞ்சாரோ பக்கம் 1893-ல இருந்து வேலை செஞ்சது ஜெர்மனிக்காரங்களோட லைப்சிக் மிஷன், அதுக்கு முன்னாடியே நம்ம ஊர்ல சீகன்பால்க் ஐயர் ஆரம்பிச்ச தரங்கம்பாடி மிஷனை எடுத்து நடத்தினதும் அவங்கதான். ஒரு விடுமுறைக்கு கிளிமஞ்சாரோ அடிவாரத்துல இருக்கற மோஷிங்கற ஊருக்குப் போயிருந்தப்ப அங்க ஒரு வயசான உபதேசியார்கிட்ட இதைச் சொன்னேன், மனுஷன் என் கையை விடவே இல்ல, அப்ப நாம ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் பிள்ளைங்கன்னு சொல்லி சபைக்கே அறிமுகப்படுத்தினார். அதை அவர் சொன்ன ஸ்வாஹிலி எனக்குப் பாதிதான் புரிஞ்சது, பக்கத்துல இருந்தவர்தான் மீதியச் சொன்னார்.


புதுப்பயணி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, படிச்சிட்டு ராத்திரி ரூம்ல தனியா சிரிச்சதுல பக்கத்து ரூம்காரன் வந்து கேட்டுட்டுப் போறான். நோட்டை எடுத்துப் பாத்தேன் அண்ணா, டாமு ரெண்டு இடத்துல இருக்கு, நிஜமாவே. இன்னைக்குத்தான் இங்கிலீஷ் எழுத்துல மாத்தி எழுத ஆரம்பிச்சிருக்கேன்.

ஒரு சந்தேகம். ஒரு சீனியர் சொன்னார், ஜெபத்துல தேவனைக் கூப்பிடறதுக்குப் பதிலா வெள்ளைக்காரரேன்னு கூப்பிட்டுட்டாராம், முங்குவுக்கும் ம்ஸுங்குவுக்கும் மாறிப் போச்சாம், நிஜமா அது? இன்னொருத்தர் குடிக்கத் தண்ணி கேக்கறப்ப ஜாக்கிரதைன்னு மட்டும் சொல்லிட்டு ஏன்னு சொல்ல மாட்டேங்கறார். அப்புறம் ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஏலம் விடுவாங்கன்னு கேள்விப்பட்டேன், அதுல நாம என்ன பண்ணணும்?


மோஷி மாப்ள:

முங்கு ம்ஸுங்கு கதைய கிழக்கு ஆப்பிரிக்கா போயிட்டு வந்த அத்தனை மிஷனரியும் தனக்கு நடந்ததாவே சொல்வாங்க தம்பி. வார்த்தை ரெண்டும் உண்மை, முங்கு கடவுள், ம்ஸுங்கு வெள்ளைக்காரர். ஆனா அத்தனை பேருக்கும் நடந்திருக்குமாங்கறதை நீயே யோசிச்சுக்கோ.

தண்ணி விஷயம் சொல்றேன், இங்க பெரியவங்க இருக்காங்க, மன்னிச்சுக்கோங்க. குடிக்கறதுக்கு குன்ய்வா. அந்த வ-வை விட்டுட்டு குன்யான்னு சொன்னா ரெண்டுக்குப் போறது. தாகமா இருக்கறப்ப நாக்கு வறண்டு போய் அந்த வ வெளிய வராது, அதுதான் சிக்கல். "மாஜி"ன்னா தண்ணி, அதை மட்டும் சொல்லி கைய நீட்டு, போதும்.

ஏலம் நல்ல விஷயம், தப்பிக்கப் பாக்காத. பணமா காணிக்கை போட முடியாதவங்க முட்டை, கோழி, கரும்பு, வாழைத்தார்னு கொண்டு வந்து வைப்பாங்க, ஆராதனை முடிஞ்சு வெளிய நின்னு அதை ஏலம் விட்டு வர்ற பணம் காணிக்கையில சேரும். ம்னாடான்னு சொல்வாங்க. ஒரு கோழி வந்துச்சு, நல்ல செவலை, காலைக் கட்டி ஒரு மூப்பர் தலைகீழா புடிச்சிருந்தார், அது கழுத்தை மட்டும் நிமித்தி எல்லாரையும் மொறச்சிட்டிருந்துச்சு. நான் "எல்ஃபு டானோ"ன்னேன், அஞ்சாயிரம் ஷில்லிங். ஏலம் விடறவர் "எல்ஃபு டானோ!"ன்னு கத்தினார். நான் யாரோ பின்னாடி கேட்டுட்டாங்கன்னு நெனச்சு "எல்ஃபு சிடா", ஆறாயிரம். அவர் "எல்ஃபு சிடா!" நான் விடுவேனா, ஏழு. இப்படியே பத்தாயிரம் வரைக்கும் என்னோட நானே போட்டி போட்டு ஜெயிச்சேன். ஒரு பாட்டி வந்து என் கையப் புடிச்சு நிறுத்தினாங்க, போதும்பா, வேற யாருமே கேக்கலன்னு. கோழியை அவங்ககிட்டயே குடுத்துட்டேன், அங்க வாங்கினதை அப்படி யாருக்காவது குடுக்கறதும் சகஜம்தான். அதுல இருந்து அந்தச் சபையில எனக்குப் பேரு எல்ஃபு கூமி, பத்தாயிரம்.


காங்கா அக்கா:

தம்பி, முக்கியமானதை யாருமே சொல்லல. ஆப்பிரிக்கான்னா வெயில்னு மெல்லிசு சட்டையா எடுத்துட்டுப் போயிடாதீங்க. ம்பேயா 1,700 மீட்டர் உயரத்துல இருக்கு, ஜூன் ஜூலைதான் அங்க நல்ல குளிர், ராத்திரி பல்லு கிடுகிடுங்கும். ஸ்வெட்டர், கனமான போர்வை, காலுக்கு சாக்ஸ். குளிருதுன்னு சொல்ல "பரிடி", இதுக்கு பஸ்ல வர்ற ப.


புதுப்பயணி:

பஸ் ப, குறிச்சுக்கிட்டேன் அக்கா. ஸ்வெட்டர் வாங்கணும். வாட்ச்சும்.